பூட்டிய வீட்டில் ஓடும் மீட்டர்

மாலை ஐந்து இருபதுக்கு, ஆளில்லாத வீட்டில் யாரோ வெந்நீர் போட்டார்கள்.

திரையில் தெரிந்தது ஒரு கோடுதான். தரையோடு தரையாகக் கிடந்தது சட்டென்று எழுந்து, இரண்டு கிலோவாட்டில் நின்று, பதினெட்டு நிமிடம் கழித்துத் தொப்பென்று விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்தவள் மீட்டர் எண்ணை இன்னொரு முறை சரிபார்த்தாள். அது அவள் அக்காவின் வீடு. அக்கா காணாமல் போய் நான்கு மாதமாகிறது. "சண்டை போட்டுட்டுக் கிளம்பிட்டா" என்று சொன்ன அத்தான், சாமான்களை அள்ளிக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். தேடிய போலீஸ்காரர்களும் ஓய்ந்துவிட்டார்கள்.

நோட்டும் பேனாவுமாக மீட்டர் கணக்கெடுக்க அவள் வீடு வீடாக ஏறி இறங்கிய காலத்தில், ஒரு வீட்டைப் பற்றி இரண்டு மாதத்துக்கு ஓர் எண்தான் தெரியும். ஸ்மார்ட் மீட்டர் வந்தபின் மின்சார அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தபடியே, எந்த வீடு எப்போது விழிக்கிறது, எப்போது துவைக்கிறது, எப்போது அடங்குகிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் பார்க்கலாம். பதினெட்டு நிமிடம் வெந்நீர். பிறகு விட்டு விட்டு எரியும் இஸ்திரிப் பெட்டி. வேலை முடிந்து வந்ததும் அக்கா செய்வது அதே வரிசையில்தான்.

அவள் அனுப்பிய லைன்மேன் அந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். "மீட்டரையே புதுசா மாத்திட்டேன் மேடம். உள்ள போற ஒயரையும் கழட்டிட்டேன். இனி எறும்புகூட அங்க கரண்ட் எடுக்க முடியாது."

மறுநாள் ஐந்து இருபது. கோடு எழுந்தது.

அதற்கடுத்த நாள் அவள் மாற்றுச் சாவியோடு கிளம்பினாள். அக்கா உயிரோடிருக்கிறாளோ, ஒளிந்திருக்கிறாளோ, எப்படியாவது இருந்தால் போதும். கதவைத் திறந்ததும் மட்கிய காகித வாடையும், அடைபட்ட சாக்கடை நாற்றமும், அவற்றுக்கு அடியில் மெல்லியதாக, இப்போதுதான் நுரைத்ததுபோல அக்காவின் சோப்பு வாசனையும் வந்தன. தரையெங்கும் மாவு சலித்ததுபோல் தூசி. அதில் ஒரு காலடி கிடையாது.

காதில் வைத்திருந்த போனில், அலுவலகத்தில் அவளுக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர் பேசினார். "ஏறிடுச்சும்மா. ரெண்டு கிலோவாட்."

குளியலறைக்குள் போனாள். ஹீட்டரை அத்தான் எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருந்தார். சுவரில் நான்கு ஆணி ஓட்டைகள் மட்டும். உள்ளங்கையை வைத்தாள்.

சுட்டது.

"சார்... இருக்கா சார். எங்கக்கா இங்கதான் இருக்கா."

"வெளிய வாம்மா மொதல்ல! நான் இங்கிருந்தே கட் பண்றேன்."

"வேணாம் சார். உங்க கால்ல விழறேன், வேணாம்..."

வாசலில் மீட்டருக்குள் 'டக்' என்றது. கைக்கடியில் சுவர் குளிர்ந்தது. இவ்வளவு சீக்கிரம் எந்தச் சுவரும் குளிராது.

கூடத்திலிருந்து குரல் வந்தது.

"யாருடி நிறுத்துனது?"

அக்காவின் குரல். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிற அக்காவின் குரல்.

அவளுக்கு அழுகை பீறிட்டது. "போடுங்க சார்! திரும்பப் போடுங்க! போயிடப் போறா!"

மறுபடி 'டக்'.

"போட்டாச்சு. ஆனா... பத்து. முப்பது. அறுபது. ஒரு தெருவே இழுக்குற மாதிரி இழுக்குதும்மா. அங்க என்ன இருக்கு? ஹலோ? ஓடிடும்மா!"

போன் அடங்கியது.

ஓடத்தான் நினைத்தாள். வழி கூடத்தின் ஊடாகத்தான். அங்கே, மங்கிய சன்னல் வெளிச்சத்தில், தூசியின் நடுவே ஓர் ஈரப் பாதம் விழுந்தது. ஆவி பறந்தது. ஆள் இல்லை.

அடுத்த பாதம். இன்னும் அருகில்.

"அக்கா?"

அடுத்தது. குளியலறை நிலைப்படி. உள்ளே தரை.

அவள் முதுகு சுவரில் மோதியது.

இரண்டு ஈரப் பாதங்கள் அவள் கால்களுக்கு நேரெதிரே, விரலோடு விரல் உரச வந்து நின்றன. அந்தத் தடங்களுக்குள் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.