பழைய பெல்ட், புதிய பிணம்!

"ஐயோ... பிரேக் புடிக்கல! யாராச்சும் வாங்களேன்!"

நோட்டன் பிரிட்ஜ் ரோட்டோரம் எழுந்த அந்த அலறல், கீழே தோட்டத் தொழிலாளர்களின் லயம் வரைக்கும் கேட்டது.

மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள்.

வந்தவர்கள் அப்படியே உறைந்தார்கள்!

ரோட்டிலிருந்து செங்குத்தாக இறங்கும் வீட்டு வழி. அதன் அடியில் கருங்கல் மதில். மதிலுக்கும் ஒரு சிவப்புக் காரின் பின்பக்கத்துக்கும் நடுவில்...

ஜெரோமி!

டவுனில் பார்மசி வைத்திருந்தவன். இப்போது நெஞ்சு நசுங்கி, கண்கள் திறந்தபடி செத்திருந்தான். டாட்டா காட்டிய கை மட்டும் டிக்கியின் மேல் நீண்டு கிடந்தது.

காரிலிருந்து இறங்கித் தலையில் அடித்துக்கொண்டு கதறினாள் அவன் மனைவி டெல்சி. தோட்டப் பள்ளிக்கூட டீச்சர்.

பொலிஸ் ஜீப் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் விஜிதரன் குதித்தார்.

"என்ன நடந்திச்சு டீச்சர்?"

"கொத்மலைக்கு அம்மாவப் பார்க்கக் கெளம்புனேன் சார்... மேட்டுல ஏறும்போது டைமிங் பெல்ட் அறுந்து என்ஜின் நின்னுடுச்சு! வண்டி பின்னால உருளுது... பிரேக் கல்லு மாதிரி இறுகிப் போச்சு, மிதிக்கவே முடியல... அவரு பின்னால நின்னாரு சார்!"

"பழைய பெல்ட்டா?"

"நேத்துதான் மாத்துனாங்க! சோலைமலை பாஸோட கராஜ்ல!"

மெக்கானிக் சோலைமலையை ஜீப்பில் அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"ஏன்யா... நேத்து போட்ட பெல்ட் இன்னைக்கு அறுந்துருமா?"

"சார்... நான் புதுசு போடலீங்க!"

"என்னது?"

"போட விடலீங்க சார்!"

சோலைமலை சொல்லச் சொல்ல, விஜிதரனின் புருவம் ஏறியது.

முந்தின நாள் ஜெரோமிதான் காரைக் கொண்டு வந்திருக்கிறான். காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு. முன்பக்கம் 'டிக் டிக்' என்று சத்தம். சோலைமலை மூடியைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தார். பெல்ட் முழுக்க வெடிப்பு. எண்ணெய் கசிந்து ஊறி, சில பற்கள் உதிர்ந்தே போயிருந்தன.

"எந்த நேரமும் அறுந்திடுங்க சார். எறக்கத்துல அறுந்தா என்ஜின் நிக்கும். பிரேக் கனத்துடும், ஸ்டியரிங் திரும்பாது. பெல்ட்ட இறுக்கிப் புடிக்கிற டென்ஷனரையும் சேர்த்து மாத்திடுவோம்."

ஜெரோமி சிரித்தானாம்!

"மாத்த வேணாம் பாஸ். மூடிய போட்டு முறுக்குங்க. டெல்சிகிட்ட மட்டும் புதுசுன்னு சொல்லுங்க. நாளைக்கு அவதான் ஓட்டிட்டுப் போறா."

"சார்! அந்தக் கொத்மலை ரோட்டு எறக்கத்துலயா?"

"அதுக்குத்தானே! டிவோர்ஸ் எடுத்தா கோயில்ல ஒரு பயலும் மதிக்க மாட்டான். பொண்டாட்டி செத்தவனுக்கு ஊரே சோறு கொண்டாந்து குடுக்கும்! அப்புறமா பொல்பிட்டியவுல இருக்கிறவளக் கட்டிக்குவேன். கராஜ் நிக்கிறது என் காணி... ஞாபகம் இருக்கட்டும்!"

சோலைமலை முகத்தைப் பொத்திக்கொண்டார்.

விஜிதரன் பிணத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"தன்னோட சாவுக்குத் தானே மெக்கானிக் புடிச்சிருக்கான்!"

கூட்டத்தின் இரக்கம் மொத்தமும் டெல்சியின் பக்கம் சாய்ந்தது. லயத்துப் பெண் ஒருத்தி அவள் கையில் ஒரு கோப்பை சூடான சாயத்தண்ணி கொடுத்தாள். டெல்சி குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"சரி, பிணத்த எடுக்கணும். கார முன்னால தள்ளுங்கப்பா. நான் ஸ்டியரிங்க புடிக்கிறேன்."

விஜிதரன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். பழக்க தோஷம்... கை தானாகச் சாவியைத் திருப்பியது.

ட்ர்ர்... ட்ர்ர்ர்... ட்ரூம்ம்ம்!

என்ஜின் ஓடியது!

தள்ள வந்த கான்ஸ்டபிள்கள் கையை எடுத்தார்கள். அழுகை பாதியில் நின்றது.

"பாஸ்! பெல்ட் அறுந்தா வண்டி ஸ்டார்ட் ஆகுமா?"

"ஆகவே ஆகாதுங்க!"

"நிப்பாட்டுறேன். தொறந்து பாருங்க!"

சோலைமலை மூடியைக் கழற்றினார். எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"அதே பழைய பெல்ட்தான்... வெடிச்சிருக்கு... ஆனா இன்னும் அறுந்து போகலீங்க சார்!"

விஜிதரன் மெதுவாக டெல்சியின் பக்கம் திரும்பினார்.

"பானெட்ட யாருமே தொறக்கல. டைமிங் பெல்ட்டுன்னு உங்களுக்கு யாரு டீச்சர் சொன்னது?"

டெல்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்போது அதில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"பாஸ்தான். நேத்து சாயங்காலமே போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டாரு."

"மனசு கேக்கலீங்க சார்!" சோலைமலை அலறினார். "வண்டிய எடுக்காதீங்கன்னுதான் சொன்னேன்!"

"எடுத்தேன். மேட்டு உச்சியில என்ஜின நிப்பாட்டிட்டு, பிரேக்ல இருந்து கால எடுத்தேன். அவ்வளவுதான்!"

டெல்சி சாயத்தண்ணியை நிதானமாக உறிஞ்சினாள்.

"கண்ணாடியில பார்த்துக்கிட்டேதான் வந்தேன் சார். நான் சாகப் போறேன்னு சந்தோஷமா கை ஆட்டுனாரு. அந்தச் சிரிப்பு அப்படியே பயமா மாறுச்சு பாருங்க... அதுக்காகவே இன்னொரு தடவ உருட்டலாம்!"

கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

விஜிதரன் ஜீப்பின் கதவைத் திறந்துவிட்டார்.

"பயப்படாம ஏறுங்க டீச்சர்... இதுக்கு நெசமாவே பெல்ட் மாத்தியாச்சு!"