மாதம்மாவின் அண்ணாந்தான் மிளகாய்

தமிழ்ப்ரியா வந்த ஆட்டோ கேட்டுக்கு முன்னால் நின்றபோது மணி பதினொன்று இருக்கும். நான் மாடியில் மிளகாய்ச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தால் இரண்டு பெரிய பெட்டி, ஒரு கம்ப்யூட்டர் பை, சுருட்டிக் கட்டின மெத்தை. இரண்டு நாள் தங்கிப் போகிறவள் மெத்தையோடு வருவாளா?

"பெரிம்மா! இனிமே இங்கதான்," என்று கீழிருந்தே கத்தினாள். "ஆபீஸ்ல வீட்ல இருந்தே வேலை பாக்கச் சொல்லிட்டாங்க. பெங்களூரு போதும்பா. அம்மா வீட்லயே இருந்துக்கறேன்."

பக்கத்து வீட்டுச் சாவி என்னிடம்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அந்த வீட்டில் அவள் இருக்கக் கூடாது. ஆனால் அதை எந்த வாயால் சொல்வது? சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொல்ல வேண்டுமானால், ஏழு மாதமாக என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாத ஒன்றை அவளிடம் சொல்லியாக வேண்டும்.

முதலில் மாதம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தமிழ்ப்ரியாவின் அம்மா. கௌதள்ளிக்காரி. எங்களுக்குக் கொள்ளேகால். மைசூரில், அதுவும் ஒட்டின வீட்டில், நம்மூர்ப் பேச்சுப் பேச ஓர் ஆள் கிடைத்தால் விடுவேனா? நடுச்சுவர் ஒன்றுதான். அந்தப் பக்கம் அவள் தனியாக, இந்தப் பக்கம் நானும் என் வீட்டுக்காரர் சென்னிமலையும். மாடியில் இரண்டு பேரும் பைகளில் மண் ரொப்பிச் செடி வளர்த்தோம். எனக்குத் தக்காளி, கத்திரி, அவரை. அவளுக்கு மிளகாய், மிளகாய், மிளகாய்.

அவர்கள் காட்டில் எத்தனையோ காலமாக வந்த விதை அது. காய் கீழே தொங்காது, வானத்தைப் பார்த்து நிற்கும். அதனால் அண்ணாந்தான் என்று பெயர். சுண்டுவிரல் நகமளவுதான் இருக்கும். ஒன்று போட்டால் ஒரு குண்டான் குழம்பும் எரியும். வேறு மிளகாயோடு கலந்துவிடக் கூடாதென்று, விதைக்கு விடுகிற பூவுக்கெல்லாம் மெல்லிய துணிப்பை கட்டிவிடுவாள். "உங்க தக்காளியெல்லாம் வெறுந் தண்ணிங்க்கா. ஒரு கடி கடிச்சா அழுகை வரோணும், அதுதான் காய்," என்று என்னைச் சீண்டாத நாள் கிடையாது.

மாதம் ஒரு தடவை அந்த மிளகாயை வறுத்துப் பொடிப்பாள். அன்றைக்கு இரண்டு வீட்டிலும் இருமல்தான். அவள் அந்தப் பக்கம் இருமுவாள், நான் இந்தப் பக்கம் இருமிக்கொண்டே திட்டுவேன்.

மாசியில் ஒரு நாள், மத்தியானம் மூன்று மணிக்கு, நெடி வந்தது. இருமல் கேட்டது. வழக்கத்தைவிட நீளமாக இருமினாள். சுவரில் மூன்று தடவை தட்டினாள்.

நான் போகவில்லை.

சாயங்காலம் உறை மோர் வாங்கப் போனபோதுதான் பார்த்தேன். அடுப்பை அணைத்திருக்கிறாள். வாசல்வரை வர முடியவில்லை போல. நடுச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே போயிருந்தாள். மூச்சுத் திணறல் என்றார் டாக்டர். "உங்களுக்கு ஒண்ணுமே கேக்கலியா?" என்று வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். தூங்கிவிட்டேன் என்றேன்.

பதினாறாம் நாள் தமிழ்ப்ரியா சின்னதாக ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தாள். பூச்சி விழாமல் மாதம்மா அடுப்புச் சாம்பலில் கலந்துவைத்திருந்த அண்ணாந்தான் விதை. "அம்மா பேரச் சொல்லி நீங்களே வளத்துங்க பெரிம்மா. உங்கள விட்டா அம்மாவுக்கு இங்க யாரு இருந்தாங்க?" என்றாள். பாவி மகள், அந்த வார்த்தையை வேறு சொன்னாள். இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று வைகாசியில் விதைத்தேன்.

நான் மிளகாய் போட்டால் இலைச் சுருட்டு வந்து பாதி போகும். இதில் ஒன்றுகூடப் போகவில்லை. புளித்த மோர் தெளிக்கவில்லை, வேப்பெண்ணெய் காட்டவில்லை, செடி பாட்டுக்குத் தளதளவென்று வந்தது. ஆனால் காய் ஒன்றும் வானத்தைப் பார்க்கவில்லை. அத்தனையும் படுக்கையாக, நடுச்சுவர் இருக்கிற பக்கம் திரும்பி நின்றன. நானும் பையைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டேன்.

முதல் காய் சிவந்த அன்று, மத்தியானம் மூன்று மணிக்கு, பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் யாரோ இருமினார்கள்.

அன்றிலிருந்து தினமும். நாற்பது நாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதில் இன்னொரு கூத்து. அந்த மிளகாயில் எனக்குக் காரமே தெரியவில்லை. என் வீட்டுக்காரர் ஒன்றைக் கடித்துவிட்டு மோரைத் தேடி ஓடினார்; நான் நாலு காயைப் புல் மாதிரி மென்றேன். "கண்ணு பட்டிருக்கும் புள்ள," என்று போன வெள்ளிக்கிழமை பொழுதோட அந்த மிளகாயையே எடுத்து எனக்குச் சுற்றித் தணலில் போட்டார். திருஷ்டி இருந்தால் நெடி வராது என்பார்களே, அவருக்கும் வரவில்லை. "பாத்தியா? ஒரு தும்மல்கூட இல்ல. அத்தனையும் திருஷ்டி. இனிச் செரியாப் போயிரும்," என்று சந்தோஷமாகத் தணல் கரண்டியை வாசலுக்குக் கொண்டுபோனார்.

நெடி எங்கே போனதென்று எனக்குத்தான் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் மாதம்மா, குடல் வாய்க்கு வருகிற மாதிரி இருமிக்கொண்டிருந்தாள். அவர் காதில் அது விழவே இல்லை.

இந்த வீட்டுக்குத்தான் இவள் மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். இவளுக்கும் அம்மாவின் அதே மூச்சிழுப்பு. கைப்பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும்.

மத்தியானம் என் வீட்டில்தான் சாப்பிட்டாள். அவர் குண்டலுபேட்டைக்கு ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தார். தயிர் சாதத்துக்கு ஓர் அண்ணாந்தான் காயைக் கடித்தவள் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். சிரித்துக்கொண்டே அழுதாள்.

"அதே காரம் பெரிம்மா. அம்மாவே வந்து ஊட்டுன மாதிரி இருக்கு."

"அம்மிணி, அந்த வீடு ஒரே ஈரம். உனக்கு இழுப்பு வந்துரும். பேசாம எங்க கூட இருந்துக்க."

"ஏழு மாசம் பூட்டிக் கெடந்தா எந்த வீடும் அப்படித்தான். தெறந்து வெச்சா காஞ்சுரும்." கை கழுவிக்கொண்டு வந்தவள், நான் காயவைத்திருந்த மிளகாய் முறத்தைக் கையில் எடுத்தாள். "அம்மா சட்டி அங்கயே இருக்கு. இன்னிக்கே வறுத்துப் பொடிச்சுடப் போறேன். உங்க கையால வளந்தது, அம்மா சட்டில வறுத்தது. போதும்ல?"

"வேண்டாம் கண்ணு. மில்லுல குடுத்து அரைச்சுக்கலாம்."

"மாஸ்க் போட்டுக்கறேன், போங்க பெரிம்மா," என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போய்விட்டாள்.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் இந்தப் பெண் இனி என்னைப் பெரிம்மா என்று கூப்பிட மாட்டாள் என்கிற பயம், அதை அப்படியே விழுங்கவைத்தது.

நாற்பது நாளில் முதல் தடவையாக டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். தெருவில் காய்கறி வண்டிக்காரன் கன்னடத்தில் கூவிக்கொண்டு போனான். பிறகு அதுவும் இல்லை.

மூன்று மணி.

இருமல் தொடங்கியது.

இது தினமும் கேட்கிற இருமலா? அவள் இருமலா?

இரண்டும் ஒரே குரல். தாயும் மகளும் ஒரே மாதிரிதான் இருமுவார்கள். உட்காரு, உட்காரு, நாற்பது நாளாக உட்காரவில்லையா என்றது உடம்பு. எப்படியோ எழுந்துவிட்டேன். இழுத்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. இழுத்துச் சாத்திவிட்டு, சாவியைப் பிடித்த கையோடு ஓடினேன்.

தமிழ்ப்ரியா அடுப்படியில் நின்று இரும்புச் சட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அடுப்புப் பற்றவைக்கவில்லை. முறத்தில் மிளகாய் அப்படியே இருந்தது.

"என்ன பெரிம்மா, இப்படி ஓடி வர்றீங்க?"

அவள் இருமவில்லை.

இருமல் நிற்கவும் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. என் வீட்டிலிருந்து.

தமிழ்ப்ரியா காது கொடுத்துக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். "பெரிப்பா வந்துட்டாரா? அவரும் மொளகா வறுக்கறாரா என்ன? அய்யோ தேவ்ரே, நல்லா ஏறிடுச்சு போல!" என்று சொல்லிக்கொண்டே ஜன்னலைச் சாத்தக் கையை நீட்டினாள்.

"சாத்தாத!"

நான் போட்ட சத்தத்தில் சட்டி கீழே விழுந்தது.

"பெரிப்பா குண்டலுபேட்டைல இருக்கறாரு. வீடு பூட்டியிருக்குது. இந்தா, சாவி."

அவள் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகுதான் போனது. சுவரில் தட்டு விழுந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. அவள் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"யாரு பெரிம்மா அது?" என்று கிசுகிசுத்தாள்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அன்னிக்கு நானும் இப்படித்தான் நெனச்சேன் கண்ணு. மொளகா வறுக்கறா, அதான் இருமறான்னு. நான் தூங்கலே. முழிச்சுத்தான் இருந்தேன். இருமுனது கேட்டுச்சு. தட்டுனதும் கேட்டுச்சு. வெளையாடறான்னு நெனச்சு, நெடி வருதேன்னு ஜன்னலச் சாத்திட்டேன்."

இருமல் நின்றுவிட்டது. வீடு முழுக்க ஒரு சத்தமும் இல்லை.

"எவ்ளோ நேரம்?" என்றாள் தமிழ்ப்ரியா.

"என்ன கண்ணு?"

"அம்மா எவ்ளோ நேரம் இருமுனாங்க?"

பொய் சொல்ல வரவில்லை. "சீரியல்ல ரெண்டு தடவ வெளம்பரம் வந்துச்சு."

அவள் அழவில்லை. திட்டினால்கூடத் தேவலாம் போல இருந்தது. விழுந்த சட்டியை எடுத்து அடுப்பின்மேல் நேராக வைத்தாள். "நீங்க போங்க பெரிம்மா," என்றாள், என்னைப் பார்க்காமலே.

போனேன். என் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போய், பின்னால் இழுத்துச் சாத்தினேன்.

நெடி.

ஏழு மாதத்தில் முதல் தடவை. கண், மூக்கு, தொண்டை எல்லாம் பற்றி எரிந்தது. அடுப்பில் ஒன்றும் இல்லை. புகை இல்லை. எந்தப் பாத்திரமும் சூடாக இல்லை. ஆனால் உள்ளே போன மூச்சு வெளியே வரவில்லை; வெளியே போனது திரும்பவில்லை. இருமி இருமி, கையில் அகப்பட்டதைப் பிடித்து நகர்ந்து, நடுச்சுவரில் போய் விழுந்தேன். எனக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. நினைத்தாலும் கை சும்மா இருக்குமா?

தட்டினேன்.

இன்னொரு தடவை தட்டினேன்.

மூன்றாவதுக்குக் கை எழவில்லை.

அந்தப் பக்கம் அவள் நிற்கிறாள். அவளுக்குக் கேட்கிறது. அது எனக்குத் தெரியும். ஆனால் காலடிச் சத்தமே கேட்கவில்லை. அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தால் நான் குறை சொல்ல முடியுமா? கண் இருட்டிக்கொண்டு வந்தது.

சாவியைக் கதவிலேயே விட்டிருந்தேன். அது திரும்புகிற சத்தம் கேட்டது. இரண்டு கைகள் என் அக்குளில் நுழைந்து தரதரவென்று வாசலுக்கு இழுத்துப் போட்டன. தன் இன்ஹேலரை என் வாயில் திணித்து அழுத்தினாள். இரண்டு தடவை, மூன்று தடவை. மூச்சு வந்ததும் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன்.

தமிழ்ப்ரியா காலை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"எனக்குக் கேட்டுச்சு. வந்தேன். அவ்ளோதான்."

பெரிம்மா என்று சொல்லவில்லை. சாயங்கால ரயிலுக்கே போய்விட்டாள். மெத்தை இன்னும் பிரிக்காமல் அந்த வீட்டில் கிடக்கிறது. என் போனை எடுப்பதில்லை.

அந்த வீட்டில் இப்போது இருமல் கேட்பதில்லை. என் வீட்டு அடுப்படியில் கேட்கிறது. மத்தியானம் மூன்று மணிக்கு. கேட்டவுடன் எழுந்து போகிறேன். கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டுப் போகிறேன். ஆள் இருக்காது. ஒரு டம்ளர் தண்ணீர் மோந்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவேன். செடிகளைப் பிடுங்கச் சொல்கிறார் அவர். நான் விடவில்லை. அடுத்த விதைக்குப் பூவில் பை கட்டியிருக்கிறேன்.

நேற்று எனக்கு நல்ல காய்ச்சல். மூன்று மணிக்கு இருமல் தொடங்கியது. எழுந்தால் தலை சுற்றியது. "இன்னிக்கு ஒரு நாள் விட்டுரு மாதம்மா," என்று போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டேன்.

அடுப்படியில் சத்தம் நின்றது. தட்டு மூன்றும் சுவரில் விழவில்லை. என் தலைமாட்டில், கட்டில் சட்டத்தில் விழுந்தன.