இரண்டு மடங்கு

வியாழனின் நிலவான கலிஸ்டோவில் காப்பி குடிக்க விரும்புகிறவர் முதலில் அணுக்களை எடைபோட வேண்டும். விடும் மூச்சிலிருந்து கார்பனையும், பனியிலிருந்து ஹைட்ரஜன், ஆக்சிஜனையும் பிரித்து அணுச்சமையலிக்குள் செலுத்தினால், கேட்டதைச் சமைத்துத் தரும்.

அந்தத் தளத்தில் சிகாமணி ஒருவர்தான். சனிக்குச் சரக்குக் கப்பல் ஓட்டும் பெனிட்டா எப்போதாவது வழியில் இறங்குவாள். சென்ற முறை அவள் சொன்னது அவர் காதிலேயே இருந்தது: "இனிப்பில்லாத காப்பிய எப்படிண்ணே குடிக்கிறீங்க? சர்க்கர மட்டும் இருந்தா, திரும்பும்போது ஒரு வாரம் இங்கயே தங்கிருவேன்."

சமையலியின் நினைவில் சர்க்கரையின் செய்முறை அழிந்துபோயிருந்தது. மருந்துப் பெட்டியில் மிஞ்சிய ஒரு சிட்டிகை குளுக்கோஸை எரித்துப் பகுத்தார். கார்பன் 40 சதவீதம், ஹைட்ரஜன் 6.7, ஆக்சிஜன் 53.3. இவை எடைகள், அணுக்களின் எண்ணிக்கை அல்ல. ஓர் ஆக்சிஜன் அணு பதினாறு ஹைட்ரஜன் அணுக்களின் கனம். ஆகவே ஒவ்வொன்றையும் அதனதன் அணு எடையால், அதாவது 12, 1, 16 ஆல் வகுத்தார். 3.3, 6.7, 3.3 வந்தது. மூன்றையும் சிறிய எண்ணால் வகுத்ததும் ஒன்று, இரண்டு, ஒன்று. எளிய விகித வாய்பாடு கிடைத்துவிட்டது. யாருமில்லாத அறையில் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஒரு மூலக்கூறில் இது எத்தனை மடங்கு?" என்று சமையலி கேட்டது. ஒன்று என்றார், நஞ்சு என்று மறுத்தது. இரண்டு என்றார்; பச்சை விளக்கு எரிந்தது. ஒரு கோப்பைக்கு மட்டுமே கார்பன் இருந்ததால் ருசி பார்க்கவில்லை. அடைத்த காற்றில் அவர் மூக்கும் மரத்துப்போயிருந்தது.

அடுத்த முறை சனிக்குப் போகும் வழியில் இறங்கிய பெனிட்டா ஒரு வாய் குடித்தாள். கண் கலங்கியது.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குண்ணே."

மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுக் கிளம்பினாள். அந்தக் கண்ணீரைப் பாசம் என்று எடுத்துக்கொண்டு, அவள் திரும்பும் நாளுக்காக மூச்சு மூச்சாகக் கார்பன் சேர்த்தார்.

காப்பி தயாரான நாளில் பக்கத்து நிலவிலிருந்து அவள் செய்திதான் வந்தது. "கானிமீட்ல தங்கிக்கிறேண்ணே. கொஞ்சம் வேலை. அடுத்த தடவ பாப்போம்."

ஆறுவதற்குள் அந்தக் காப்பியை அவரே குடித்தார். தொண்டை எரிந்தது. வினிகர்.

அதே ஒன்று, இரண்டு, ஒன்றுதான். ஆறு மடங்காக்கினால் குளுக்கோஸ்; இரண்டு மடங்கில் வினிகரின் அமிலம். புளிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஓர் எண்ணை மாற்றியிருப்பார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு என்ன தயக்கம் என்று அவருக்கு விளங்கவே இல்லை.

பூமியின் நலப்பிரிவிலிருந்து அன்றாட அழைப்பு ஒலித்தது.

"சிகாமணி சார், எப்படி இருக்கீங்க?"

கோப்பையைத் தள்ளி வைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா இருக்கேன்" என்றார்.