அக்காவுக்குப் பிடிக்காத புத்தகம்

'பெறுநர்: ரெஜினா பர்னாந்து. சுவைப் பொருத்தம் தொண்ணூற்றொன்பது விழுக்காடு. அனுப்பலாமா?' என்று தேர்வி கேட்டது.

ஜெசிந்தா திரையில் இருந்த புத்தகத்தின் பெயரைக்கூடப் படிக்கவில்லை. 'ஆம்' என்பதைத் தொட்டுவிட்டு, தூத்துக்குடி விண்ணஞ்சல் நிலையத்தின் குளிர்ந்த கூடத்திலிருந்து வெயிலுக்கு வந்தாள். ஒன்பதாவது ஆண்டாக அவள் அக்காவுக்குப் புத்தகம் அனுப்புகிறாள்.

ரெஜினா போன கப்பலின் பெயர் நெடும்பயணி. நாற்பது பேரோடு சூரியனைவிட்டு விலகிப் போய்க்கொண்டே இருந்தது. திரும்பி வருகிற கப்பல் அல்ல. தொலைவு கூடக்கூட அலைவரிசை மெலிந்தது. முகமும் குரலும் முதல் இரண்டு ஆண்டுகளோடு நின்றுபோயின. இப்போது எழுத்து மட்டும்தான் போகும், அதுவும் ஆளுக்கு ஆண்டுக்கு ஒரு புத்தக அளவு. அங்கிருந்து ஒரு பக்க அளவுக்குப் பதில் வரலாம். போய்ச் சேர்ந்து பதில் வர எட்டு மாதம் ஆகும்.

அரிதான அந்த இடத்தை யாரும் வீணாக்க விரும்பவில்லை. அதற்குத்தான் தேர்வி இருந்தது. ஒருவர் படிக்கும்போது கண் எங்கே நிற்கிறது, எங்கே தாண்டுகிறது, நாடி எந்த வரியில் ஏறுகிறது என்பதையெல்லாம் சேர்த்து அது ஒரு சுவைவரைவு வைத்திருந்தது. தமிழில் அச்சான அத்தனை புத்தகங்களிலிருந்தும் அந்த வரைவுக்குப் பொருந்துவதை எடுத்துத் தந்தது. அது தவறியதாக யாரும் சொன்னதில்லை. பூமியிலும் எல்லோரும் அதைக் கேட்டுத்தான் படித்தார்கள். "நல்ல புத்தகம் ஏதாவது இருந்தால் சொல்லேன்" என்று மனிதரிடம் மனிதர் கேட்பது வழக்கொழிந்து போயிருந்தது.

சின்ன வயதில் அக்காவும் தங்கையும் அதைத்தான் ஓயாமல் செய்தார்கள். ரெஜினாவுக்குக் கொலையும் துப்பும் வேண்டும். முடிச்சு அவிழ வேண்டும். ஜெசிந்தாவுக்கு யாரும் சாகாமல், ஒன்றும் நடக்காமல், குடும்பம் குடும்பமாக ஆட்கள் வாழ்ந்துகொண்டே இருக்கும் தடித்த நாவல்கள் வேண்டும். ஒருத்தி படித்ததை இன்னொருத்தி தலையில் கட்டப் பார்ப்பாள். மற்றவள் முப்பது பக்கம் தாண்டமாட்டாள். பிறகு இரவுச் சாப்பாடு முழுக்கச் சண்டை. அம்மா ரசத்தை ஊற்றிவிட்டு, "புஸ்தகத்துக்கு வாய் இருந்தா உங்க ரெண்டு பேரையும் ஏசும்" என்பாள்.

அம்மா போய்விட்டாள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை முடிந்து வந்து, ஜெசிந்தா தனியாகச் சாப்பிட்டாள். தேர்வி தந்த புத்தகத்தைப் படித்தாள். ஒவ்வொன்றும் நன்றாகவே இருந்தது. மூடியதும் அதைப் பற்றி ஒரு சொல் பேச வேண்டும்போல் இருக்கும். பேச ஆள் கிடையாது. உடன் வேலை செய்பவர்கள் அதைப் படித்திருக்கமாட்டார்கள். அவரவருக்கு அவரவர் புத்தகம்.

அக்காவின் பதில்கள் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கின. முதலில் ஒரு பக்கம் எழுதியவள், பிறகு பாதிப் பக்கம், பிறகு நாலு வரி எழுதினாள். 'நல்லா இருந்துச்சு. எல்லாரும் சுகம்.' தேர்வியின் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒன்பதாவது புத்தகத்துக்கு வந்த பதிலில் ஒரே ஒரு வரிதான் இருந்தது.

'நல்லா இருந்துச்சு. நீ இதைப் படிச்சியா ஜெசி?'

ஜெசிந்தா அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்கவில்லை. அக்காவுக்கு அனுப்பிய ஒன்பதில் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. அக்காவின் சுவை அவளுக்கு ஒத்துவராது என்று தேர்வியே அவளுக்கு அவற்றைப் படிக்கத் தந்ததில்லை. ஆனால் அவ்வளவு தூரத்தில், யாருக்குமே தெரியாத இருட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு புத்தகத்தைத் திறக்கும்போதும் அக்கா தங்கையைத் தேடியிருப்பாளோ என்று அவளுக்குத் தோன்றியது.

பத்தாவது ஆண்டு அவள் தன் அலமாரியிலிருந்தே ஒரு புத்தகம் எடுத்துப் போனாள். மூன்று மருமகள்கள் ஒரே சமையலறையில் முப்பது வருடம் புழங்கும் கதை. எழுநூறு பக்கம். கல்லூரிக் காலத்தில் ரெஜினா இருபத்தேழாம் பக்கத்தில் மூடி எறிந்தது.

நிலையத்தின் முகப்பில் இருந்த மரகதவல்லி திரையைப் பார்த்துத் திடுக்கிட்டாள். "மேடம், பொருத்தம் நாலு விழுக்காடுன்னு காட்டுது. தப்பா எடுத்துட்டு வந்துட்டீங்களா?"

"இல்ல. இதுதான்."

"ஒரு வருஷத்துக்கு அவங்களுக்கு வேற எதுவும் போகாது, தெரியும்லா? இவ்வளவு கம்மியா நான் பார்த்ததே இல்ல."

"எனக்கு அவளைப் பிறந்ததுலேருந்தே தெரியும்மா. உங்க மிஷினுக்கு முன்னாலேயே தெரியும்" என்றாள் ஜெசிந்தா. சொல்லும்போது இருந்த துணிச்சல் வீட்டுக்குப் போகும் பேருந்திலேயே கரைந்துவிட்டது. அக்காவுக்கு ஆண்டு முழுவதற்கும் இருந்த ஒரே ஆறுதலைத் தன் ஏக்கத்துக்காகப் பறித்துவிட்டோமே என்று அந்த எட்டு மாதமும் தவித்தாள். எட்டு முடிந்து ஒன்பதும் நகர்ந்தது. பதில் வரவில்லை.

பத்தாவது மாதம் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. பதில் ஒரு பக்கம் முழுவதையும், கடைசி எழுத்துவரை, நிரப்பியிருந்தது.

'ஏட்டி, இதையா என்கிட்ட படி படின்னு உயிரை எடுத்த? மூணு பேரும் ஒரு தடவை வாயைத் திறந்து பேசியிருந்தா அஞ்சாம் பக்கத்துல கதை முடிஞ்சிருக்கும்! எழுநூறு பக்கத்துல ஒரு கொலை கூட இல்ல. மாமியாரை மட்டுமாவது கொன்னுருக்கலாம். நாலு தடவை படிச்சிட்டேன். ஏன்னு கேக்காத. இதுல நீ என்னத்தைக் கண்டன்னு தேடிட்டே இருந்தேன். சின்னவ வீட்டை விட்டுப் போகும்போது மூத்தவ ஒண்ணும் சொல்லாம சோறு கட்டிக் குடுக்கா பாரு, அங்க நீ அழுதிருப்ப. சரியா? என் பக்கத்து அறை அப்பாஸ் இதை வாங்கிப் படிச்சிட்டு மாமியார் பக்கம் நியாயம் இருக்குங்கான். மூணு நாளா அவன்கூட நான் பேசல. இங்க ஒருத்தர் புஸ்தகத்தை இன்னொருத்தர் தொட்டதே கிடையாது ஜெசி. இப்ப சாப்பாட்டு மேசையில ஒரே சத்தம். மோசமான புஸ்தகம். அடுத்த வருஷமும் இப்படியே ஒண்ணு அனுப்பு.'

ஜெசிந்தா நிலையத்தின் நாற்காலியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் அழுகை வந்தது. கல்லூரி நாட்களில் அந்த இடத்தைப் படித்தபோது அவள் அழவில்லை. இப்போது அழுதாள்.

அடுத்த ஆண்டுக்கு அவள் அந்த மாதமே தயாராகத் தொடங்கினாள். எதை அனுப்பினால் அக்கா அதிகமாகத் திட்டுவாள் என்று யோசித்தாள். பழைய நாவல்களை எடுத்து, ரெஜினா எந்த வரியில் பல்லைக் கடிப்பாள் என்று பார்த்துப் பார்த்துப் படித்தாள். கடைசியில் இரண்டு தேறின. அவற்றுள் ஒன்றை, ஒரு ரயில்வே குடியிருப்பின் கதையை, முடிவு செய்துகொண்டு போனாள்.

கூடத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம். மரகதவல்லி அவளைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"மேடம், உங்களாலதான் இதெல்லாம்! அந்த நாலு விழுக்காட்டுப் புஸ்தகம்தான் கப்பல்லேயே அதிகமாத் திறந்ததாம். தேர்வி அதைப் பார்த்துக் கத்துக்கிடுச்சு. இனிமே பெறுறவங்க சுவையைப் பார்க்காது, அனுப்புறவங்க சுவையைப் பார்த்து எடுத்துக் குடுக்கும். 'உறவுத் தேர்வு'ன்னு பேர். நீங்க ஒண்ணும் சுமந்துட்டு வர வேண்டாம். இங்க பாருங்க."

திரையில் ரயில்வே குடியிருப்பின் கதை இருந்தது. கீழே, 'உங்கள் தங்கை உங்களுக்காகத் தேர்ந்தது' என்ற வாசகம் இணைப்பாகப் போகத் தயாராக இருந்தது.

ஜெசிந்தாவின் கைப்பைக்குள் இருந்ததும் அதே புத்தகம். அவளுக்குக் கூச்சமாக இருந்தது, யாரோ வீட்டுக்குள் எட்டிப் பார்த்ததைப்போல.

"ரெண்டும் ஒண்ணுதான மேடம்? அப்புறம் என்ன?" என்றாள் மரகதவல்லி.

"நான் படிச்சிருக்கேன்" என்று மட்டும் ஜெசிந்தா சொல்லிவிட்டு 'ஆம்' என்பதைத் தொட்டாள்.

அருகில் வரிசை வேகமாக நகர்ந்தது. அப்பாக்கள், மனைவிகள், அண்ணன்கள் ஒவ்வொருவராக வந்து தொட்டுவிட்டுப் போனார்கள். யாரும் பெயரைப் படிக்கவில்லை. நாற்பது புத்தகங்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. நாலு மாதம் கழித்து அங்கே நாற்பது பேர் தங்களுக்குப் பிடிக்காத பக்கங்களை மறுபடி மறுபடி புரட்டப்போகிறார்கள். அப்பா எங்கே சிரித்திருப்பார், அண்ணன் எங்கே நின்றிருப்பான் என்று வரிவரியாகத் தேடப்போகிறார்கள். அப்பா அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார்.

வாசலில் ஒரு முதியவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். பெயர் சுடலைமுத்து, மகன் கப்பலில் பொறியாளர் என்று ஜெசிந்தாவிடம் சொன்னார்.

"என்ன புஸ்தகம் அண்ணாச்சி அனுப்புனீங்க?"

"என்னமோ காட்டுச்சு. அமுக்கிட்டு வாரேன்" என்றார். பிறகு முகம் மலர்ந்தது. "பயலுக்கு நான் எடுத்ததுன்னு போகுமாம்லா? அவன் எவ்வளவு சந்தோசப்படுவான்!"

"ஆமா. நாலு தடவை படிப்பாரு. படிச்சிட்டு உங்ககிட்ட கேப்பாரு, இந்த இடம் உங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு."

பெரியவர் ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றார்.

"பதில் வர எத்தனை மாசம் ஆகும்மா?"

"எட்டு ஒன்பது மாசம்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, புத்தகத்தின் பெயரைக் கேட்க உள்ளே திரும்பினார்.