பாலத்து இறக்கத்தில் இரண்டாம் கியர்

மீரா உசேன் நாகப்பட்டினத்திலிருந்து பகல் பஸ்ஸில் வந்து இறங்கினார். தோளில் துண்டு, கையில் ஸ்பேனர் பை.

"பஞ்சநதம் அய்யா வீடு இதுதானுங்களா?"

"இந்த ஊர்ல வேற எவன் வீட்டுல பிளசர் கார் நிக்குது? வாங்க."

அன்றைக்கு எனக்கிருந்த எரிச்சலில் அவ்வளவு மரியாதை கொடுத்ததே பெரிது. எரிச்சல் வராதா பின்னே? ஐந்து வேலி நிலக்காரன், ஐம்பது வயதில் மெக்கானிக் ஒருவரிடம் வண்டி ஓட்டப் படிக்க வேண்டிய தலையெழுத்து. ஆட்சி மாறி மூன்று வருஷத்தில் எவனுக்கும் பயம் விட்டுப்போயிற்று. என் வீட்டு வேலைக்கு யாரும் போகக்கூடாது என்று விவசாயக் கூலிச் சங்கத்துக்காரன்கள் கட்டுப்பாடு போட்டிருந்தான்கள். வெளியூரிலிருந்து மூன்று டிரைவர்களைக் கொண்டுவந்தேன். ஒருத்தனும் ஒரு வாரம் தாங்கவில்லை. கடைசியாகப் போனவன், "கிளட்சுல என் கால் மேல இன்னொரு கால் இருக்குங்க" என்று சொல்லிவிட்டுச் சம்பளம்கூடக் கேட்காமல் ஓடினான். குடிகாரப் பயல் என்று நினைத்தேன்.

எனக்கு வண்டி கட்டாயம் வேண்டும். என் ஒரே மகள் நீலாயதாட்சி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வலி எடுத்ததும் நாகப்பட்டினம் வந்துவிட வேண்டும், தாமதித்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "இப்பவே அங்க ஒரு வீடு எடுத்துத் தங்கிடுவோம்" என்றாள் என் மனைவி தனபாக்கியம். சங்கத்துக்குப் பயந்து பஞ்சநதம் ஊரைக் காலி செய்துவிட்டான் என்று பேச விடுவேனா? மாட்டேன் என்றேன்.

நேர் ரோட்டில் ஓட்ட இரண்டு நாளில் பழகிவிட்டது. வம்பு பண்ணியது வெட்டாற்றுப் பாலம்தான். எங்கள் பக்கம் வயலும் ரோடும் ஒரே மட்டம்; மேடு என்று ஒன்று இருந்தால் அது ஆற்றுப்பாலம்தான். அக்கரையில் செங்குத்தாக இறங்கும். இறங்கிய உடனே வளைவு. வளைவில் வாய்க்கால் மதகின் கருங்கல் சுவர். பெட்ரோல் மிச்சம் என்று எங்கள் பக்கத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள் அநேகம் பேர் அந்த இறக்கத்தில் நியூட்ரலில்தான் உருட்டுவார்கள்.

"அதுதாங்கய்யா தப்பு" என்றார் மீரா உசேன். "நியூட்ரல்ல விட்டா வண்டி யாருக்கும் அடங்காது. மழைக்காலத்துல பிரேக்க மட்டும் நம்பாதீங்க, இன்ஜின்தான் புடிக்கணும். மூணுலேர்ந்து ரெண்டுக்கு வாங்க. கிளட்ச மிதிச்சு நியூட்ரல். கிளட்ச விட்டு ஆக்ஸிலேட்டர்ல ஒரு தட்டு. மறுபடி மிதிச்சு ரெண்டுக்கு இழுங்க. அவசரப்பட்டு இழுத்தா பல்லு கடிக்கும்."

கடித்தது. இருபது தடவை இறங்கினோம், இருபது தடவையும் நறநறவென்று கடித்தது. வண்டி குலுங்கிய குலுக்கலில் என் தலை இரண்டு முறை ஸ்டியரிங்கில் இடித்தது. கரையில் நடவுப் பெண்கள் நின்று சிரித்தார்கள். வண்டியை விட்டு இறங்கிப்போய் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் பிற்பகல், அதே இறக்கத்தில், காதருகே ஒரு குரல் பணிவாகச் சொன்னது.

"இப்ப தட்டுங்க."

தட்டினேன். இரண்டாம் கியர் எண்ணெயில் வழுக்கினாற்போல் விழுந்தது. இன்ஜின் உறுமி வண்டியைப் பிடித்தது. ஒரு குலுக்கல் இல்லை.

"பாத்தீங்களா! நீங்க சொன்ன நேரத்துக்குச் சரியா தட்டிட்டேன்."

மீரா உசேனின் முகம் வெளுத்திருந்தது. "நான் ஒண்ணும் சொல்லலீங்களே."

வண்டிக்குள் கிராம்பு வாசனை அடித்தது.

என் பழைய டிரைவர் குழந்தைராஜ் பல்வலிக்காக எந்நேரமும் கிராம்பு கடிப்பான்.

அவன் செத்து ஒன்பது மாதமாகிறது.

மீரா உசேன் கதவைத் திறந்து இறங்கினார். "இந்த வண்டியில யாருங்க செத்தது?"

"வண்டியில யாரும் சாகல" என்றேன். அது பொய்யில்லை. வண்டிக்கு முன்னால்தான் செத்தான்.

அவர் திரும்ப ஏறவில்லை. பையை எடுத்துக்கொண்டு மழைத் தூறலில் பஸ்ஸுக்கு நடந்தார்.

குழந்தைராஜைச் சங்கத்து ஆட்கள் அடித்துக் கொன்றதாக நான்தான் போலீசில் எழுதிக் கொடுத்தேன். மூன்று பேர் ஜெயிலில் இருந்தார்கள். கார்த்திகையில் விசாரணை. என் வார்த்தைக்கு எதிராகக் கூலிக்காரப் பெண்கள் சொன்னதை எவன் காதில் வாங்கினான்?

நான்காம் நாள் பகல் இரண்டு மணிக்கு நீலாவுக்கு வலி எடுத்தது.

வெளியே ஐப்பசி அடைமழை. அவளைப் பின்சீட்டில் அம்மா மடியில் படுக்க வைத்துக் கிளப்பினேன். பயந்தேன், மறைக்கவில்லை. ஆனால் சந்து திரும்பும்போதும், பள்ளம் வரும்போதும் அந்தக் குரல் வந்தது. "இப்ப மிதிங்க. இப்ப தட்டுங்க." கியர் அது பாட்டுக்கு விழுந்தது. செத்தும் எசமான விசுவாசம் போகவில்லை பார் என்று நினைத்தேன். எவ்வளவு திமிர் எனக்கு!

பாலத்தின் உச்சி வந்தது.

கிராம்பு வாசனை மூச்சை அடைத்தது.

கிளட்சை மிதித்தேன். நியூட்ரலுக்குத் தள்ளினேன். காலை எடுக்கப் பார்த்தேன்.

வரவில்லை.

என் இடது கால் மேல் இன்னொரு கால் இருந்தது. வெறுங்கால். சேறும் சில்லிப்புமாக. என் காலைக் கிளட்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தது.

கியர் கம்பியை இழுத்தேன், அசையவில்லை. பிரேக்கை மிதித்தேன், சக்கரம் வழுக்கியது. வண்டி நியூட்ரலில் உருண்டது.

பக்கத்துக் காலி சீட்டிலிருந்து கேள்வி வந்தது, அதே பணிவோடு.

"நிறுத்தவாங்கய்யா?"

தை அறுவடையன்று இதே இறக்கத்தில் அவன் கேட்டது அதுதான். கீழே செங்கொடியோடு கூலிக்காரப் பெண்கள் ரோட்டை மறித்து உட்கார்ந்திருந்தார்கள். ஏத்துடா என்றேன். அவன் இரண்டாம் கியருக்கு வந்து, அலுங்காமல் நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு இறங்கினான். "பொம்பளைங்க இருக்காங்கய்யா, என்னால முடியாது" என்றான். சம்பளக்காரன் என்னிடம் முடியாது என்பதா? அவன் இடத்தில் நான் உட்கார்ந்து, ஒன்றும் தெரியாமல் நியூட்ரலுக்குத் தள்ளி, கைப்பிரேக்கை எடுத்தேன். பெண்கள் சிதறி ஓடினார்கள். அவன் மட்டும் முன்னால் ஓடிவந்து இரண்டு கையாலும் பானெட்டைத் தாங்கிப் பார்த்தான். தாங்கியபடியே மதகுச் சுவர்வரை போனான்.

"நிறுத்துடா! என் மகடா, நிறுத்துடா!"

"அன்னைக்கு யாருங்கய்யா ஏத்துனது?"

சுவர் பெரிதாகிக்கொண்டே வந்தது.

பின்னால் நீலா, "அப்பா!" என்று அலறினாள்.

"நான்தான்! நான்தான்டா ஒன்ன ஏத்திக் கொன்னேன்! சங்கத்தாளுங்க ஒன்னத் தொடக்கூட இல்லடா!"

கால் விலகியது.

கியர் கம்பி தானாக இறங்கியது. இன்ஜின் ஒரு தட்டு உறுமி வண்டியைப் பிடித்துக்கொண்டது. சுவரை ஒட்டி வளைந்து, ஒரு குலுக்கலும் இல்லாமல் நேர் ரோட்டுக்கு வந்தோம்.

ஆஸ்பத்திரி வாசலில் தனபாக்கியம் என் கையைத் தட்டிவிட்டு, தானே நீலாவைத் தாங்கி இறக்கினாள்.

பேரன் பிறந்தான். தாயும் பிள்ளையும் சுகம். மூன்றாம் நாள் நீலா கட்டிலருகே போய், "பயத்துல ஏதோ ஒளறிட்டேம்மா" என்றேன்.

அவள் குழந்தையை என் கையில் கொடுக்கவில்லை.

"குழந்தைராஜ் அண்ணன் கேட்டது எனக்கும் அம்மாவுக்கும் கேட்டுச்சுப்பா. கோர்ட்டுல சொல்லிடுங்க. நீங்க சொல்லலேன்னா நான் சொல்லுவேன்."

"பெத்த அப்பனையா?"

"மூணு பேரு உள்ள கெடக்காங்கப்பா. அவங்களும் யாருக்கோ அப்பன்தான்."

தனபாக்கியம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். என் முகத்தைப் பார்க்கக்கூட அவளுக்குப் பிடிக்கவில்லை. நான் தனியாக ஊருக்கு வந்தேன். வருமுன் நாகப்பட்டினத்திலேயே வண்டியை மீரா உசேனுக்குச் சும்மா கொடுத்தேன். அவர் அதைத் தள்ளிக்கொண்டு போய், ஒவ்வொரு நட்டாகப் பிரித்து, இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டுவிட்டார். எடை போடும்போது நானும் நின்று பார்த்தேன்.

இன்றைக்கு விசாரணை. நான் போகவில்லை. காலையிலேயே என் மகள் கைக்குழந்தையோடு கோர்ட்டுக்குப் போய்விட்டதாகச் சேதி வந்தது. கதவையெல்லாம் தாழிட்டு, ஆள் இல்லாத வீட்டில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் சொல்லியிருப்பாள். பிடிவாதத்தில் என் பெண் அவள்.

மணி மூன்று. மழை விட்டிருக்கிறது.

பாலத்துப் பக்கமிருந்து ஒரு கார் வருகிறது.

நான்கிலிருந்து மூன்று. ஒரு தட்டு. மூன்றிலிருந்து இரண்டு. ஒரு தட்டு. பல் கடிக்கவில்லை. என் வாசலில் அலுங்காமல் நிற்கிறது.

ஜன்னலைத் திறந்து பார்த்தேன்.

கார் இல்லை. ஈரச் சேற்றில் வாசல்வரை இரண்டு சக்கரத் தடம் மட்டும், புதிதாக. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது.

குழந்தைராஜ் ஒருநாளும் ஹாரன் அடித்து என்னைக் கூப்பிட்டதில்லை. நான் வரும்வரை காத்திருப்பான்.

காரின் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது.