ஆடு ஏன் பச்சையாச்சு?

தோல் ஃபேக்டரி காலனி முனையில் ஒரு போர்டு இருந்தது. 'வீட்டு வாசலில் புல் மட்டுமே வளர்க்க வேண்டும். வேறு செடி கூடாது. இப்படிக்கு, செயலாளர்.'

சட்டம் போடுவது சுலபம். புல்லுக்குப் படிக்கத் தெரியுமா? கிணற்றுத் தண்ணீர் உப்பானதும் கிரேஸி வீட்டுப் புல் பழைய துடைப்பம் மாதிரி காய்ந்துவிட்டது. நல்ல தண்ணீர் லாரியில் வரும். அது குடிக்கவே போதாது.

ஐந்தாவது படிக்கும் கிரேஸி சும்மா இருப்பாளா? போன வருஷ மழையில் அந்தப் புல்லைக் கொத்திப் போட்டாள். ஆலங்காயம் மலையடியில் பொறுக்கிய ஆவாரை விதையைத் தூவினாள். ஓரத்தில் தும்பை, வேலியில் சங்குப்பூ.

இந்தச் சித்திரையில் வாசல் முழுக்க மஞ்சள்! ஒரு குடம் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. பட்டாம்பூச்சிகள் வேறு, கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி கூட்டம் போட்டன.

வெள்ளிக்கிழமை செயலாளர் சீனிவாசன் சார் வந்து நின்றார். அவர் ஃபேக்டரியில் சாயம் போடும் பிரிவுக்குப் பெரியவர்.

"இன்னா கிரேஸி, இது வீடா காடா? ஞாயித்துக்கெழம முதலாளி வர்றாரு. அதுக்குள்ள எல்லாத்தையும் பிடுங்கிடணும். இல்ல, ஆள் விட்டுப் பிடுங்கிடுவேன்!"

கிரேஸி செடிகளுக்கு முன்னால் போய் நின்றாள். "புல்லு நிக்க மாட்டேங்குது சார். தண்ணி உப்பு."

"என் வீட்ல நிக்குதே! போய்ப் பாரு, கிளி மாதிரி பச்ச!"

போய்ப் பார்த்தாள். உண்மைதான். ஆனால் வேலூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலில் அவ்வளவு பச்சையாக நிற்பது கிளியும் காலண்டர் படமும்தான். அந்தப் புல்லில் ஒரு வெட்டுக்கிளிகூட இல்லை. கிரேஸி நம்பவில்லை.

மறுநாள் காலை அவள் தோழி ரஃபத் ஜஹான் ஓடி வந்தாள். கையில் வெள்ளை ஆட்டுக்குட்டி. இல்லை, பாதிதான் வெள்ளை!

"அரே கிரேஸி! சார் வீட்டுப் புல்லுல படுத்துச்சு. வயிறெல்லாம் பச்சையாயிடுச்சு!"

கிரேஸி தொட்டுப் பார்த்தாள். விரலும் பச்சை. மோந்து பார்த்தாள். அப்பா சட்டையில் வரும் அதே ஃபேக்டரி வாசனை!

"தோல் சாயம்டி! செத்த புல்லுக்குச் சாயம் அடிச்சிருக்காரு!"

ரஃபத் குதித்தாள். "வா, முதலாளிகிட்ட ஆட்டைக் காட்டிடலாம்! உன் செடி தப்பிச்சிடும்."

கிரேஸிக்கும் ஆசைதான். ஆனால் யோசித்தாள். "ஃபேக்டரி சாயத்தை எடுத்ததுக்கு சார் வேலையே போய்டும். வேணாம். வா, அவர்கிட்டயே போவோம்."

ஆட்டைப் பார்த்ததும் சீனிவாசன் சார் முகம் வெளுத்துவிட்டது.

"போர்டு எழுதினவனே நான்மா. என் வாசல்லயே புல்லு செத்தா ஜனம் சிரிக்காதா? அதான் மிச்சமான சாயத்தைக் கொஞ்சம்..."

"முதலாளி வெள்ளைச் செருப்புல வருவாரு சார். புல்லுல நின்னாருன்னா?" என்றாள் கிரேஸி.

"ஐயையோ!" அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"உக்காந்தா எப்படி? கடப்பாரை எங்க சார்?"

அவ்வளவுதான்! சார் வேட்டியை மடித்துக் கட்டினார். மூவரும் பச்சைப் புல்லைக் கொத்தி அள்ளினார்கள். கிரேஸி தன் வாசலில் முளைத்திருந்த ஆவாரங்கன்றுகளையும் தும்பையையும் வேர்மண்ணோடு கொண்டுவந்து நட்டாள். ஆடு ஒரு வாய் வைத்துப் பார்த்து, ஆவாரை பிடிக்காமல் துப்பியது.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி அப்துல் ஹமீத் சாகிப் வந்தார். கிரேஸி வீட்டு மஞ்சளைக் கண்டு நின்றார்.

"அட, ஆவாரை! இது பட்டையிலதானே நம்ம தோல் பதமாகுது. லாரியில பட்டையாப் பார்த்திருக்கேன், வாசல்ல பூவா இப்பத்தான் பார்க்கிறேன். ஆமா சீனிவாசன், புல்லுதானே வைக்கச் சொல்லி சட்டம்?"

சீனிவாசன் சார் கிரேஸியைப் பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தினார்.

"தப்பான சட்டம் ஐயா. நான்தான் போட்டேன். குடிக்கவே தண்ணி கம்மி. போர்டை இன்னைக்கே கழட்டிடறேன்."

முதலாளி தலையசைத்தார். திரும்பும்போது காலடியில் 'மே' என்று சத்தம்.

"இந்த ஆடு ஏம்மா பச்சையா இருக்கு?"

சீனிவாசன் சார் அவசரமாக ஆட்டை மறைத்து நின்றார்.

"புல்லுல படுத்துச்சுங்க," என்றாள் கிரேஸி.

"எந்தப் புல்லு? இங்க புல்லே காணோமே!"

"அதனாலதாங்க புல்லையே எடுத்துட்டோம்!"

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். அவரைவிடச் சத்தமாகச் சிரித்தவர் சீனிவாசன் சார்.

போர்டு அன்றே இறங்கியது. ஆடு மட்டும் ஆடி மாதம் வரை பச்சையாகவே திரிந்தது.