அஞ்சாவது ரொட்டி

எல்லாரும் சௌக்கியமா கண்ணுங்களா? சளி, இருமல்னு யாரும் படுத்துக்கலையே? ஒரு டம்ளர் டீயைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு உக்காருங்க. ஃபெஸ் ஊர்ல, எங்க சந்துக்கு அடுத்த சந்துல நடந்ததைச் சொல்றேன்.

வந்த மறுநாளே அமீலாவுக்கு ஒரு சின்ன உறுத்தல். வீட்டுல மூணு பேர். பலகையில நாலு ரொட்டி.

அமீலா பாஸ்னியாவுலேர்ந்து அரபி படிக்க வந்த பொண்ணு. தாயில்லாத பிள்ளை, அப்பா அங்க டிராம் ஓட்றார். அவ தங்கினது லல்லா கென்ஸா வீட்டுல. லல்லாங்கறது எங்க ஊர்ல பெரிய மனுஷிக்குக் குடுக்கற மரியாதை. கென்ஸாவுக்கு அது தகும்னுதான் எல்லாரும் நெனைச்சோம். அந்தம்மாவோட புருஷன் துஹாமி வாயே திறக்க மாட்டார். வந்த நாள்லேர்ந்து அமீலா முகத்தை அவர் நிமிர்ந்து பார்த்ததே இல்லை. கூச்ச சுபாவம்னு அவ விட்டுட்டா.

எங்க தெருவுல மாவை வீட்டுல பிசைஞ்சு, பலகையில அடுக்கி, துணி மூடி, பொது அடுப்புக்கு அனுப்புவோம். எந்த ரொட்டி எந்த வீடுன்னு தெரிய ஒரு அடையாளம் வைப்போம். லல்லா கென்ஸா வீட்டுல ஆளுக்கொரு ரொட்டி, அவங்கவங்க கட்டைவிரலை அதுல அழுத்தணும். லல்லாவோடது அகலம். துஹாமியோடது தட்டை. அமீலா விரல்ல பிறை மாதிரி ஒரு தழும்பு, அதுவும் மாவுல அச்சா விழும். நாலாவதுல ஒல்லியா, நகம் பிளந்த ஒரு விரல்.

"இது யாரோடது லல்லா?"

"வாசல்ல வர்ற ஏழைக்கு மகளே. உங்க ஊர்ல எல்லாம் எண்ணித்தான் சோறு போடுவாங்களோ?"

சிரிச்சிட்டா அமீலா. ஏழை யாரும் வரலை. ஆனா தினம் ஒரு ரொட்டி மாடிப்படி ஏறிப் போகும். மேல பூட்டின அறை ஒண்ணு. கோதுமை மூட்டை இருக்கு, எலி வரும், போகாதேன்னுட்டா லல்லா.

ஏழு மாசம். காய்ச்சல்ல படுத்தப்ப ராவெல்லாம் நெத்தியில ஈரத்துணி போட்டா லல்லா. தலை பின்னிவிட்டா. "என் மகளே"ன்னு அவ கூப்பிடறப்ப எல்லாம் அமீலா கையில இருக்கற வேலையை விட்டுட்டு ஓடி வருவா. அப்படிக் கூப்பிட அவளுக்கு வேற யாரு இருந்தா? பாஸ்போர்ட்டைக்கூட அமீலாவேதான் எடுத்து லல்லாகிட்ட குடுத்தா, பத்திரமா வைங்கன்னு.

ஊருக்குக் கிளம்பற வெள்ளிக்கிழமை. மத்தியானம் கூஸ்கூஸ் சாப்பிட்டுட்டு டாக்சி ஏறணும், சாயங்காலம் விமானம், ராத்திரிக்கு அப்பா. அதை நெனைச்சுக்கிட்டே பலகையைத் தலையில வாங்கினா. கனத்துது.

"துணியைத் தூக்காதே மகளே, மாவுக்குக் காத்துப் படக்கூடாது."

கோவேறு கழுதைச் சாணி, புதினாக் கட்டு, ஈரச் சுவரோட சுண்ணாம்பு வாசனை எல்லாம் ஒண்ணாக் கலந்து மூக்குல ஏற, சந்து சந்தா எறங்கி அடுப்படிக்கு வந்து சேர்ந்தா. அடுப்புக்காரர் பூஷ்தா துணியை எடுத்தார்.

"அடேயப்பா, அஞ்சு! மாப்பிள்ளை பார்த்துட்டாளா கிழவி உனக்கு?"

அமீலா குனிஞ்சு பார்த்தா. அகலம். தட்டை. பிளந்த நகம். பிறைத் தழும்பு. பக்கத்துல இன்னொரு பிறைத் தழும்பு. அதே அளவு. அதே வளைவு. அவ அழுத்தினது ஒண்ணுதான்.

"ரெண்டு தடவை அழுத்திட்டியா? பசியா?" பூஷ்தா சிரிச்சார். அப்புறம் கம்பியால நெருப்பைக் கிளறிக்கிட்டே, "போன வருஷம் ஹலீனான்னு ஒரு போலந்துப் பொண்ணு இருந்தா அங்க. கிளம்பற அன்னிக்கும் இப்படித்தான் ஒண்ணு கூட வந்துச்சு. அப்புறம் அவளே வந்து சூடு ரொட்டியை வாங்கிக்கிட்டு, எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா. மறுநாள் பலகையில ரெண்டுதானே வரணும்? மூணு வந்துச்சு. எனக்கெதுக்கு வம்பு."

பலகையை அங்கேயே விட்டுட்டு வெளிய வந்து அப்பாவுக்குப் போன் போட்டா.

"என்னம்மா மறுபடியும்? இப்பத்தானே அந்த வீட்டு நம்பர்லேர்ந்து பேசினே. குரல் கம்மிக் கெடந்துது. அது சரி, விரல் எப்படி அறுபட்டுதுன்னு என்கிட்ட போய்க் கேட்டியே? டப்பா மூடி கிழிச்சதே, மறந்துட்டியா?"

"அப்பா, நான் இன்னிக்குப் பேசவே..."

லைன் கட்டாயிடுச்சு. மறுபடி போட்டா, எடுக்கலை.

ஓடியிருக்கலாம். பாஸ்போர்ட் அங்க இருக்கே. அதைவிட, லல்லா அப்படிச் செய்ய மாட்டாங்கற நெனைப்பு ஒண்ணு இருந்துது பாருங்க.

திரும்பி வந்தப்ப வீட்டுக் கதவு திறந்தே கெடந்துது. முற்றத்துல தண்ணி சொட்டற சத்தம், தேவதாரு மரத்தோட பழைய வாசனை, அதுக்கு அடியில புளிச்ச மாவு நெடி.

"லல்லா?"

"மேல வா மகளே. உன் பாஸ்போர்ட்டைத்தான் எடுத்துக்கிட்டிருக்கேன்."

அதே குரல். ஈரத்துணி போட்ட குரல். ஏறினா. பூட்டின அறை திறந்திருந்துது. உள்ள காலை வெச்சா. இருட்டு. மூட்டை எதுவும் இல்லை.

பின்னாடி கதவு சாத்திக்கிச்சு. தாழ்ப்பாள்.

"லல்லா! திறங்க! அப்பா காத்துக்கிட்டிருக்கார்!"

"கத்தாதே மகளே. தொண்டை கட்டிக்கும். அப்பாவைத் தனியா விட்டுடுவேனா?"

படியில செருப்புச் சத்தம் எறங்குது. ஒரு ஜோடி இல்லை. ரெண்டு ஜோடி.

கதவைத் தட்டித் தட்டி, கத்திக் கத்திக் குரல் போச்சு. நேரம் போச்சு. அப்புறம் ஜன்னல் மரச்சட்டத்து இடுக்குல கண்ணை வெச்சுப் பார்த்தா. கீழ சந்து. லல்லா கென்ஸா கண்ணைத் துடைச்சுக்கிட்டு நடக்கறா. பக்கத்துல அமீலாவோட பச்சைக் கோட்டு. அமீலாவோட பெட்டி. கையில ஆவி பறக்கற ரொட்டி. லல்லா கட்டிப்பிடிச்சு, நெத்தியில முத்தம் குடுத்து, "போய்ட்டு வா மகளே"ங்கறா.

மகளே.

பச்சைக் கோட்டு திரும்பி ஜன்னலை நிமிர்ந்து பார்த்துது. அவ முகம். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுச்சு. பிறைத் தழும்பு.

கதவுக்கு அடியில ஏதோ உரசல். துஹாமியோட தட்டை விரல்கள், அடுப்படியிலேர்ந்து வந்த ரொட்டியில ரெண்டை உள்ள தள்ளிட்டுப் போச்சு. ஒண்ணுல அமீலா காலையில அழுத்தின அச்சு, வெந்து உப்பியிருக்கு. இன்னொண்ணை எடுக்க மூலையிலேர்ந்து ஒரு கை நீண்டு வந்துது. ஒல்லிக் கை. நகம் பிளந்திருந்துது.

உங்க வீட்டுல தங்கிப் படிச்ச பிள்ளைங்க கிளம்பின மறுநாள் எத்தனை பேருக்குச் சமைச்சீங்க? ஞாபகப்படுத்தி எனக்கு எழுதுங்க கண்ணுங்களா.